இரும்பு தண்ணி குடிக்காது

ஹட்டனில் டயர்க்கடைக்கு மேலே
மரப்படி ஏறினால் ஜிம்.
செவ்வாய், வெள்ளி, ஐந்தரைக்குப் பிறகு
பெண்களுக்கு ஒரு மணித்தியாலம்.
பெண்கள் என்றால் மூன்று பேர்:
மருந்துக்கடை ஃபஸ்மியா,
பொலிஸ் நில்மினி,
விரலில் கொழுந்துக் கறை போகாத நான்.

இருப்பது ஒரே தண்டு.
ஒருத்தி தூக்க, ஒருத்தி எண்ண,
ஒருத்தி ஜன்னலோரம் மூச்சு வாங்குவாள்.
கை வழுக்காமலிருக்க ஏதோ வெள்ளைத் தூள் வேண்டுமாம்.
நாங்கள் தடவுவது கோதுமை மா.
இரவு ரொட்டி தட்டும்போதும்
அதே மா, அதே உள்ளங்கை.

முதல் மாதம் வெறுந்தண்டே இடுப்பை முறித்தது.
"கூடை சுமக்கிறவளுக்கு இதென்ன பெரிசு?"
என்று கேட்டான் புருசன்.
கூடை முதுகில் பிடி பிடியாக ஏறும்,
தெரியாமல் கனக்கும்,
நாள் முழுக்க ஏமாற்றும்.
தண்டு தரையில் கிடந்து முகத்தைப் பார்க்கும்:
வருகிறாயா?

மார்கழியில், பனி ஜன்னலை மூடிய ஒரு வெள்ளி.
தண்டு இருபது, இருபதில் நான்கு தட்டு,
நூறு.
முழங்காலைத் தாண்டித் தொடையில் வந்து நின்றது.
நில்மினி சிங்களத்தில் கத்தினாள்,
ஃபஸ்மியா அல்லாவைக் கூப்பிட்டாள்,
நான் கீழே போட்ட சத்தத்தில்
கூரை விழுந்ததென்று டயர்க்காரன் ஓடிவந்தான்.

அதன்பிறகு தை போனது, மாசி போனது,
நூற்றைந்து தரையை விட்டு அசையவில்லை.

ஒருநாள் தட்டைத் துடைக்கும்போது பார்த்தேன்:
எந்தப் பட்டறையில் வார்த்ததோ, விளிம்பெல்லாம் மேடு பள்ளம்,
20 என்ற இலக்கமே ஒன்றில் சாய்ந்திருந்தது.
பத்தொன்பது வருசம் நிறுவையில் நின்றவளுக்குச்
சந்தேகம் வர அதிக நேரம் எடுக்காது.
என் நூறு நூறில்லையோ.
தூக்கம் போனது.

அடையாள அட்டையை ஜிம்காரனிடம் வைத்துவிட்டு
வாரத்துக்கொரு தட்டு, அரிசிச் சாக்கில்,
மஸ்கெலியா பஸ்ஸில்.
கொண்டக்டர் சாக்குக்கும் டிக்கட் கிழித்தான்.

சனிக்கிழமை மடுவத்தில்
மோசஸ் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார்,
பென்சிலை எடுத்தார், பழக்கதோஷம்:
"சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு..."
"சாக்கை உருவிட்டேங்கய்யா. இரும்பு தண்ணி குடிக்காது."
வரிசையில் நின்ற பெண்களின் சிரிப்பு
பங்களா வரை கேட்டிருக்கும்.
கழிக்காமல் எழுதினார்.

இருபத்தொரு கிலோ நானூறு.
அடுத்த வாரம் இருபத்தொன்று நூறு.
அப்புறம் இருபது தொள்ளாயிரம்.
கடைசித் தட்டு இருபத்தொன்று அறுநூறு.

மகனின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கூட்டினேன்,
நம்பாமல் அவனையும் கூட்டச் சொன்னேன்.
எண்பத்தைந்து. தண்டோடு நூற்றைந்து.
எப்போது வரும் என்று ஏங்கிய நூற்றைந்து
மார்கழியிலேயே வந்து, தொடையைத் தொட்டுப்
பேர் சொல்லாமல் போயிருக்கிறது.

சந்தோசப்பட வேண்டிய இடம்தான்.
எனக்கு முதலில் கோபம் வந்தது.
சுமந்ததைக் குறைத்துச் சொல்ல
இரும்புக்கு யார் சொல்லிக் கொடுத்தது?
அடுப்பை ஊதும்போது இன்னொன்று உறைத்தது:
நிறுத்தது தோட்டத்துத் தராசு.
எனக்கு அது ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை.
அப்படியானால்
நூற்றைந்துக்கும் மேலே எவ்வளவு?

செவ்வாய்க்கிழமை, மாத்திரைப் பெட்டியில் எழுதுகிற
கறுப்புப் பேனாவை ஃபஸ்மியா கொண்டுவந்தாள்.
20ஐ வெட்டவில்லை, பக்கத்தில் எழுதினோம்,
தசமப் புள்ளியும் வைத்து.
சாட்சிக்கு நிற்பவள் போல
நில்மினி தொப்பியைக் கழற்றாமல் நின்றாள்.

தண்டை மட்டும் இன்னும் நிறுக்கவில்லை.
ஏழடி நீளம், பஸ்ஸில் ஏறாது.
இரண்டு பக்கமும் சின்னத் தட்டு ஒவ்வொன்று கூட்டச் சொன்னேன்,
தொகையைச் சொல்லாதே என்றும் சொன்னேன்.
மாப்பை எங்கே?