நான் சாப்பிட்ட கைகள்

மொதேனாவில், ரயிலடிக்குப் பின்தெருவில்
'ஒருநாள் சமையல் வகுப்பு' பலகைக்குக் கீழே
வருகிறவர்கள் ஏறுவது முன்படியில்.
நான், நிவெஸ், ஏறுவது குப்பைத்தொட்டிப் பக்கம்.

பத்து மணிக்கு ஓரியானோ மாவைக் குவித்து
நடுவில் குழித்து முட்டை உடைப்பார்.
கைதட்டுவார்கள்.
பதினொன்றுக்குத் தொப்புள் கதை:
சாவித்துவாரம் வழியே எவனோ கண்ட
தேவதையின் தொப்புள்தான் இந்த டோர்டெல்லினி.
சிரிக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார்.
ஆறு வருடமாக அதே இடம்.

பிறகு எல்லோரும் மடிப்பார்கள்.
கட்டைவிரல் அகலச் சதுரம்,
பட்டாணியளவு பன்றிக்கறிப் பூரணம்,
ஜாதிக்காய் வாசம் அறைமுழுக்க.
தேனிலவுக்காரர்கள் ஒரே சதுரத்தை இருவராய் மடித்து,
கிழித்து,
கிழிந்ததற்கும் முத்தம்.

தட்டுகள் கதவு தாண்டி என்னிடம் வரும்.
அவர்கள் செய்ததை இடப்பக்கம் ஒதுக்குவேன்.
விடியுமுன் நான் மடித்துவைத்ததை
வலப்பக்கமிருந்து எடுத்து
கோழிச்சாற்றில் போடுவேன்.
"உங்கள் கை செய்த வித்தை!" என்று ஓரியானோ பரிமாற
தங்கள் கைமணத்தை மெச்சித்
தாங்களே கண்கலங்குவார்கள்.

பொய்தான்.
வாய் பிளந்த மாவைக் கொதியில் போட்டால் கஞ்சி.
எண்பது யூரோ வாங்கிக்கொண்டு
கஞ்சி ஊற்ற முடியுமா?

இடப்பக்கத்துத் தட்டு என் வீட்டுக்கு வரும்.
ராத்திரி நின்றபடியே தின்பேன்.
ஒசாகாவின் கணக்காளர் ஒருவர்:
இருபத்தாறும் ஒரே எடை.
கார்க்கிலிருந்து வந்தவர்
பூரணமே வைக்காமல் இறுக்கி மூடியிருந்தார் அத்தனையையும்.
அதை மட்டும் ஒரு வாரம் யோசித்தேன்.

இந்தச் செவ்வாய், பெர்கனிலிருந்து ஒரு சிறுமி.
சுன்னிவா. வயது எட்டு.
சட்டைப்பையிலிருந்த ஹேசல் கொட்டையை
யாருக்கும் தெரியாமல் ஒன்றுக்குள் வைத்து மடித்துவிட்டு
மேசையில் உட்கார்ந்தபின் அறிவிக்கிறாள்:
"கொட்டை யாருக்கு வருகிறதோ
அவர் நான் சொல்வதைச் செய்யணும்."
ஆகட்டும் என்கிறார் ஓரியானோ.
அவருக்கென்ன.
என் கையில் கரண்டி.
சட்டியில் மிதப்பதெல்லாம் என்னுடையது.

மென்றார்கள்.
எனக்கில்லை என்றது ஒரு பாஷை.
எனக்குமில்லை என்றது இன்னொன்று.
கிண்ணங்கள் காலியாகக் காலியாக
அவள் பார்த்தது கிண்ணங்களை அல்ல,
கதவை.

இடப்பக்கத் தட்டில் ஒவ்வொன்றாய் அமுக்கிப் பார்த்தேன்.
காய்ந்த மாவில்
எல்லாமே கொட்டைதான்.
சரி போகட்டும் என்று
தட்டோடு கவிழ்த்தேன் கொதியில்.

கலங்கிற்று சாறு.
மடிப்பவிழ்ந்து, பூரணம் உதிர்ந்து,
கந்தலாய் மேலே வந்தன.
நானே எடுத்துக்கொண்டு போனேன்.
ஆறு வருடத்தில் அந்த மேசையை
முதல்முறையாகக் கிட்டத்தில் பார்க்கிறேன்.
ஓரியானோ முகத்தில் ஈயாடவில்லை.
"இரண்டாம் பந்தி" என்றேன்.

"ஐயோ, இது நான் கிழித்தது!"
"அந்த மூட்டை என்னுடையது!"
கரண்டியால் குத்திக்காட்டிச் சிரித்து
அடையாளம் கண்டு தின்கிறார்கள்.
கடக்கென்று ஒரு சத்தம்.
ரோட்டர்டாம்காரர், பல்மருத்துவர்,
உள்ளங்கையில் துப்பியதில்
பாதிக் கொட்டை,
கூடவே அவர் பல்லடைத்த வெள்ளி.

சுன்னிவா யோசித்துச் சொன்னாள்:
"பாத்திரம் கழுவுங்க."

வந்தார் மனுஷன், சட்டைக்கையை மடித்துக்கொண்டு.
வலப்பக்கத்தில் இன்னும் நாற்பது மீதியிருந்தன
ஒன்றுபோல் ஒன்று, அணிவகுத்து.
அவற்றைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
நாக்கு, கன்னத்துக்குள் அந்தப் பல்லைத் தடவிக்கொண்டிருந்தது.
துடைக்கத் துணி கேட்டார்.
கொடுத்தேன்.

அன்றிரவு இடப்பக்கம் எதுவும் மிஞ்சவில்லை.
என்னுடையதை நானே வேகவைத்துத் தின்றேன்.
உப்பு சரி. வேக்காடு சரி.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
பாதியில் எழுந்துபோய்
ஜன்னலைத் திறந்தேன்.