திறந்துவிட்ட தண்ணீர்

பிச்சாட்டூரில் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள் என்று
லஸ்கர் வெங்கடமுனி போன் செய்தபோது
காலை நாலரை.
"ரெண்டாயிரம் கன அடி. எத்தன நாளோ தெரியாது.
வர்றதுன்னா இன்னைக்கே வந்துடுங்க."

ஆரணியாறு ஆண்டில் சில நாள்தான் ஆறு.
மற்ற நாளில் அது லாரித் தடம்,
மாடு கட்டும் இடம்,
தமிழில் ஒரு பலகை, தெலுங்கில் ஒரு பலகை,
இரண்டிலும் மணல் அள்ளக் கூடாது.

படகு, ஈசிஆரில் மூடிப்போன ரிசார்ட்டில் வாங்கியது.
மஞ்சள் ஃபைபர். வயிற்றில் ஒரு விரிசல்,
பிசின் வைத்து அடைத்தான் எத்திராஜ்.
முன்னால் நான். பின்னால் அவன்.
பின்னால் இருப்பவன்தான் திருப்புகிறவன் என்பது
முதல் வளைவில் விளங்கியது,
சீமைக்கருவேலம் என் காதைக் கிழித்தபோது.

தடாவில் எங்கள் ஷெட்டுக்குப் பத்து நாள் பூட்டு.
திறக்கும்போது லைனில் இரண்டு பேருக்கு ஒருவர்தான் என்று
கேன்டீன்காரனுக்குக்கூடத் தெரியும்.
அதை நாங்கள் படகில் ஏற்றவில்லை.
ஏற்றியவை: அரிசி, ஒரு தார்ப்பாய், மாவடு,
ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் அவனுடைய இன்சுலின்.

நாகலாபுரத்துக்குக் கீழே
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எங்களோடு வந்தது.
முந்தியது.
ஒரு திட்டில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது,
இன்டர்வியூ எடுக்கப்போகிற மாதிரி.
எத்திராஜ் துடுப்பால் அதைத் தள்ளிவிட்டான்.
சிரிக்கவில்லை.

சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்திருக்கிறார்,
விஷம் குடித்த மயக்கம்.
அணைக்கட்டைத் தாண்ட
நாங்கள் படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தோம்.
உள்ளே இருட்டு, ஃபைபர் வாடை,
சேற்றில் அவன் செருப்பு உறிஞ்சும் சத்தம்.
முகம் தெரியாத அந்த இருநூறு அடியில்
யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

பாலத்தின் மேலிருந்து டார்ச் அடித்தார்கள்.
"ஒரேய், லோபல ஏமுந்திரா?"
செம்மரம் தேடி அரிசிக்குள் கைவிட்டார் ஏட்டு.
ஊசியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எங்கே போறீங்க?
பழவேற்காடு.
"பஸ் இருக்கே," என்றார்,
உண்மையான அக்கறையோடு.

இரண்டாம் இரவு ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு மணல்மேடு.
தண்ணீர் விடாமல் பேசிக்கொண்டிருந்ததால்
நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை.

விடியற்காலை என்னை எழுப்பியது
சத்தம் இல்லாமை.
படகு ஒருக்களித்து மணலில் கிடந்தது.
ஆறு முப்பதடி தள்ளிப் போய்
வேட்டி அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.
மணல் அள்ளிய குழிகளில் மீன் துள்ள
பையன்கள் கொசுவலையோடு இறங்கியிருந்தார்கள்.
வெங்கடமுனி போனில் சொன்னார்:
"மேல இருந்து ஆர்டர் சார். நேத்து சாயந்திரமே மூடியாச்சு."

கயிறு கட்டி இழுத்தோம்.
உச்சிவெயிலில் விரிசல் மறுபடி வாய் திறந்தது.
ஐஸ் கரைந்துபோயிருந்தது.
எத்திராஜ் துடுப்பால் மணலைத் தோண்டினான்,
முழங்கை ஆழத்தில் ஈரம்,
அதற்கும் கீழே கலங்கலாய்க் கொஞ்சம் தண்ணீர்.
மருந்துக் குப்பியைப் பாலித்தீனில் சுற்றி அதில் இறக்கியபடி
நிமிராமலே சொன்னான்:
"எனக்கு லெட்டர் வந்துடுச்சுடா.
போன வெள்ளிக்கெழமையே."

ஏண்டா சொல்லல?

"சொன்னா நீ எனக்கும் சேத்துத் துடுப்புப் போடுவ."

குழியில் தண்ணீர் தெளியும்வரை உட்கார்ந்திருந்தோம்.
கரைமேல் ஒரு பஸ் போனது, பாதி காலியாக.
அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

பிறகு அவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான்.
நான் பின்னால் போய்க் குனிந்து தள்ளினேன்.
படகின் அடியில் மணல்
கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரியே சத்தம் போட்டது.