மூன்று பீரியட்

பொகவந்தலாவையில் மழை விடவில்லை.
தகரத்துக்கு மேலே கத்தித்தான் பாடம்:
ஃபெக்டரி வாசலிலிருந்து
இரண்டு பேர் ஒரே நேரம் கிளம்புகிறார்கள்.
ஒருவன் மோட்டார்சைக்கிளில்.
மற்றவன் தலையில் விறகு.
உங்கள் லயத்தைக் கடக்கையில்
இருவருக்கும் நடுவே எவ்வளவு நேரம்?

பணிய கணக்குப் பிள்ளைகள்
ஒரு நிமிஷம் என்றார்கள்.
மேல்கணக்கு நிதுர்ஷிகா சொன்னாள்:
"விறகுக்காரரு வர்றதுக்குள்ள
மத்தவரு பிளேன்டீ குடிச்சி முடிச்சிருவாரு டீச்சர்."

பூமியதிர்ச்சியும் அவ்வளவுதான்.
முதல் அலைக்கும் இரண்டாவதுக்கும்
இடைவெளி கூடக் கூடத் தூரம் கூடும்.
தூரம் தெரியும்.
திசை தெரியாது.

கவராயத்தின் கால் அவ்வளவு விரியாது.
கொழுந்துச் சாக்குத் தைக்கிற நூலில்
பென்சிலைக் கட்டினோம்.
ஒரு நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம்:
விளிம்பு முழுக்கச் சந்தேகம்.
இரண்டாவது வட்டம்:
சந்தேகம் இரண்டே இடத்தில்.
மூன்றாவது வந்து
சுமாத்திராவுக்கு மேற்கே, கடலில்,
மற்ற இரண்டையும் தொட்டும் தொடாமலும் நின்றது.
நடுவில் அரிசிமணி அளவு ஒரு முக்கோணம்.
"பிழையா டீச்சர்?"
நூல் நனைந்திருக்கிறது என்றேன்.
நனையாத நூலிலும் கொஞ்சம் மிஞ்சும்.

பிறகு கடல்.
ஆழம் நாலாயிரம் மீட்டர்.
பத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடு.
"இருநூறு" என்றான் லிதுர்ஷன், தலை நிமிராமல்.
வினாடிக்கு இருநூறு மீட்டர்.
ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் கடக்க?
மணியில் வேண்டாம், பீரியடில் சொல்லுங்கள்.
"மூணு பீரியட். அஞ்சு நிமிஷம் மிச்சம்."

அந்த ஞாயிறு
அண்ணன் கல்முனையில், பேக்கரியில்.
போறணையில் ஒரு தட்டு வேக
கால் மணி நேரம்.
தட்டுக்கு முப்பது பணிஸ்.
மூன்று பீரியடில் எட்டுத் தட்டு,
இருநூற்று நாற்பது.
எண்ணி அடுக்கியிருப்பான்.
அந்தக் கணக்கை
நான் போர்டில் போடுவதில்லை.

இந்த வாரம் மணி அடிக்கும் முறை லிதுர்ஷனுக்கு.
பீரியட் முடிந்து ஆறு நிமிஷம்,
அவன் இன்னும் முக்கோணத்தின் மேல் குனிந்திருந்தான்.
அதிபர் ஆள் அனுப்பினார்.
ஓடினான்.
தண்டவாளத் துண்டில்
ஓங்கி ஒன்று, இரண்டு,
மூன்று, நான்கு,
நிறுத்தவே இல்லை.

கீழே, மழைக்குள்,
லயத்தில் ஒரு கதவு திறந்தது.
அடுத்தது.
அதற்கடுத்தது.