இரண்டாவது மிதி

முதல் மிதி கேள்வி.
இரண்டாவதுக்குத்தான் பதில் வரும்.
மூன்று வருடமாய் இந்தக் காரை
இப்படித்தான் நிறுத்துகிறேன்.

"ஒரே கை ஓட்டின வண்டிம்மா" என்றார் அடைக்கலம்,
பள்ளத்தூர் பெட்ரோல் பங்க் நிழலில்.
ஆர்.சி. புத்தகத்தில் நாலு பேர்.
அவர்களுக்கு நடுவே கையெழுத்துப் போடாமல்
இன்னும் யாரோ ஓட்டியிருக்கிறார்கள் என்றது
பின்சீட்டுக்கடியில் கிடந்த குழந்தையின் ஒற்றைக் கொலுசு.

எனக்கு வேண்டியிருந்தது
ஐஸ் பெட்டி வைக்க ஓர் இடம்.
விடிகாலை ஐந்தரைக்கு வீடு வீடாய்ப் போய்
வெறும் வயிற்று ரத்தம் எடுப்பவள் நான்.
கானாடுகாத்தானில் இரண்டு வீடு, கொத்தமங்கலத்தில் ஒன்று.
எண்பது சன்னல் உள்ள வீட்டில்
ஒரே ஒரு நரம்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்.
எட்டரைக்குள் காரைக்குடி லேபில் சேர்க்க வேண்டும்.

வண்டிக்கும் வியாதிகள் உண்டு.
வலப்பக்கம் ஒடித்தால் இடக்கதவு திறந்துகொள்ளும்.
ரத்தம் எடுக்கக் கையில் இறுக்கும் ரப்பர் பட்டையால்
கதவைக் கட்டிவைத்திருக்கிறேன்.
பெல்ட்டின் கொக்கி பிடிக்காது.
போலீஸ் நிற்கும் இடத்தில் மட்டும்
அங்கவஸ்திரம் போலத் தோளில் போட்டுக்கொள்வேன்.
சூடு காட்டும் முள் எப்போதும் நடுவில் நிற்கும்,
கெட்ட செய்தி சொல்லப் பிடிக்காத டாக்டர் மாதிரி.
கால்மிதியைத் தூக்கினால் துரு தின்ற ஓட்டை,
அதற்குள் செம்மண் ஓடும்.

"மாஸ்டர் சிலிண்டர் போச்சுக்கா" என்றார் சீனி முகமது.
"அத மாத்துனா பைப்பையும் மாத்தணும்,
பைப்ப மாத்துனா..."
விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போனவர்
ஒரு கை தீர்ந்ததும்
டீ சொன்னார்.

ஐப்பசியில் ஒருநாள், நல்ல மழை,
கோட்டையூர் ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது.
முதல் மிதி. இரண்டாவது.
பதில் இல்லை.
மூன்றாவதில் நின்றது,
கேட் கம்பிக்கும் பம்பருக்கும் நடுவே
ஒரு ஊசி போகும் இடைவெளியில்.
சீட்டுக்கடியில் உருண்ட குழாய்கள் பதினொன்று.
ஒன்றும் உடையவில்லை.
ரயில் போய், கேட் தூக்கி,
பின்னால் ஆரன் அடித்துத் தீர்த்த பிறகும்
என் வலது கால் பெடலை விடவில்லை.

"வித்துக் குடுத்துடுங்க" என்றேன் அடைக்கலத்திடம்.

ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையிலிருந்து வந்தார்கள்.
சூசைராஜ், போர்வெல் வண்டியில் வேலை.
தோளில் எட்டு மாதக் குழந்தையோடு பவுலின்.
வண்டிக்குள் எலுமிச்சை வாசனை அடித்திருந்தார் அடைக்கலம்.
"ஒரே கை" என்றார். "அதுவும் பொம்பளக் கை."
சூசைராஜ் டயரை உதைத்துப் பார்த்தார்,
பாட்டுப் பெட்டியைத் திருகினார், சிரித்தார்.
பவுலின் என்னிடம் கேட்டாள்:
"நீங்க சொல்லுங்கக்கா, இதுல வேற ஏதும் இருக்கா?"

அடைக்கலத்தின் கண் என் முகத்தில்.

பதினாறு வருடத்தில் எத்தனை பேர் கெஞ்சியிருப்பார்கள்!
"சுகரக் கொஞ்சம் கொறச்சுப் போடும்மா,
சிங்கப்பூர்ல மகன் பாப்பான்."
ஒரு புள்ளி குறைத்ததில்லை.
அது என் நேர்மையா,
அச்சடிப்பது மெஷின் என்பதாலா,
அன்றுவரை யோசித்ததே இல்லை.

வாய் வரவில்லை எனக்கு.
குழந்தையை வாங்கிக்கொண்டேன்.
"ஏறி உக்காந்து பிரேக்க மிதிச்சுப் பாரும்மா."
மிதித்தாள்.
அவள் கால் கீழே போனது,
போய்க்கொண்டே இருந்தது,
தரையில் முட்டியது.
நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை,
என் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

பஸ்ஸில் போனார்கள்.
அடைக்கலம் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

சீனி முகமதிடம் பாதிப் பணம் கொடுத்திருக்கிறேன்.
சாமான் மதுரையிலிருந்து வர வேண்டுமாம்.
கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய மனுஷி
காபி குடிக்காமல் காத்திருக்கிறாள்.
இன்னொருத்திக்கு விற்க மாட்டாத வண்டியில்
நான் ஏறிக்கொள்கிறேன்.
கேட்டுக்கு நூறடி முன்னாலேயே
மிதிக்கத் தொடங்கிவிடுகிறேன்.