மூன்றாவது சிலிண்டர்

சால்ட்டோவிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தது பெட்டி.
நான்கு பிஸ்டன்கள். சுற்றியிருந்த பழைய தாளில்
கம்பளி விலையும் ஒரு கால்பந்துத் தோல்வியும்.
அளவுச் சீட்டைப் பூச்சி தின்றிருந்தது.

"அறுபது ஓவர்சைஸாக இருக்கலாம்" என்றான் விற்றவன்,
அந்த "இருக்கலா"முக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு.

பைசாந்தூவில் ஜூலை. பட்டறைத் தகரத்தின் மேல் உறைபனி.
பிஸ்டனையும் மைக்ரோமீட்டரையும்
ஒரே மேசையில் ஓரிரவு கிடத்தினோம்,
இரண்டுக்கும் ஒரே குளிர் ஏறட்டுமென்று.

காலையில் அளந்தேன்.
தலையில் அல்ல, அங்கே அது குறுகல்.
கீழே, பாவாடை விரியும் இடத்தில், பின்னுக்குக் குறுக்காக.
அறுபது தவ் கூடுதல்.
பின் துளையிலிருந்து உச்சி வரை, சரி.
ரிங் பள்ளங்கள், சரி.
அவன் பொய் சொல்லவில்லை.
திட்டுவதற்குத் தயாராயிருந்த ஒர்லாந்தோவுக்கு
அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகுதான் பழையவற்றைக் கவிழ்த்து வைத்தோம்.
நெற்றியெல்லாம் கரி.
மரக்குச்சியால் சுரண்டச் சுரண்ட
எண் எழும்பியது:
நாற்பது.
நாற்பது.
மூன்றாவதில் அறுபது.
நான்காவது மறுபடி நாற்பது.

யாரோ ஒரு சிலிண்டரை மட்டும் கடைந்திருக்கிறார்.
மற்ற மூன்றுக்கும் காசில்லையோ, நேரமில்லையோ,
ஊர்வலம் கிளம்பிவிட்டதோ.
அதன் உட்குழிவில் ஆணியால் கீறியிருந்தது:
"கார்னிவல் 58. மன்னிக்கவும்."

ஒர்லாந்தோ விளக்கை இன்னும் கிட்டே பிடித்தான்.
யாரிடம் கேட்ட மன்னிப்பு?
வண்டிக்காரரிடமா, இஞ்சினிடமா,
என்றைக்காவது திறக்கப்போகும் எங்களிடமா?

தேய்ந்த அறுபதை எண்பதாக்கச் சுவர் இல்லை.
அதற்கு அப்பால் தண்ணீரின் வழி.
அதற்கு மட்டும் ஸ்லீவ்:
இரும்புக்குள் ஓர் இரும்புக் குழலை இறக்கி
நான்கையும் ஒன்றாக அறுபதுக்குக் கடைவது.
அதிகம் அடிபட்டதற்குத்தான் இப்போது புதுச் சுவர்.

எடை பார்க்க எங்களிடம் நல்ல தராசு இல்லை.
சுல்மாவின் ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோனோம்.
வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்,
குழந்தையைத் தூக்கிவந்ததுபோல.
மூன்று பிஸ்டன்கள் ஒத்துப்போயின.
ஒன்று மட்டும் மூன்று கிராம் அதிகம்,
மாவைத் துடைத்துவிட்டு வைத்த பிறகும்.

அதை மூன்றாவது சிலிண்டருக்கு ஒதுக்கினேன்.
எதையும் எழுதவில்லை.
உட்புறம் மட்டும் மூன்று கிராம் அராவினேன்.
அரம் போன தடம்
பின்னால் திறப்பவருக்கு
எழுத்துபோலத் தெரிந்தால்
படித்துக்கொள்ளட்டும்.