எதில் இருபது?

மத்தொசின்யோஷ் துறைமுகத்தில்
படகு வந்தால் ஆலை ஊதும்.
இரவு மூன்று மணியோ, ஞாயிறு பூசையோ,
ஊதினால் நாங்கள் ஓடவேண்டும்.
மத்தி காத்திருக்காது.

மார்ச்சில் மீன் குறைந்தது.
மேலாளர் வல்தெமார்
பலகையில் சாக்கட்டியால் எழுதினார்:
நாள்கூலியில் நூற்றுக்கு இருபது குறைப்பு.
ஐம்பது எஸ்குடோ நாற்பதானது.
அந்தக் கணக்கை எல்லோரும் போட்டோம்.
இழப்பதை எண்ண
யாருக்கும் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

ஜூனில் கடல் மனம் மாறியது.
வல்தெமாரும் மாறினார்.
அதே பலகை, அதே சாக்கட்டி:
நாள்கூலியில் நூற்றுக்கு இருபது உயர்வு.
"எடுத்தது இருபது, கொடுத்தது இருபது,
இனி பாக்கி இல்லை" என்றார்.
தெயொலிந்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.
நானும் கைதட்டினேன், மறைக்கமாட்டேன்.

அன்று மாலை ஜன்னலில் கை நீட்டினால்
நாற்பத்தெட்டு.
மறுபடி எண்ணினோம். நாற்பத்தெட்டுதான்.
கணக்கர் ஃபவுஸ்தோ திருடுகிறான் என்று
ஒருத்தி மீன்கத்தியைத் தூக்கினாள்.
பாவம் ஃபவுஸ்தோ,
ஒரு புள்ளியும் பிசகாமல்தான் போட்டிருந்தான்.
அதனால்தான் எங்களைப் பார்க்காமல்
தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு எஸ்குடோ, ஒரு ரொட்டிதான்.
ஆனால் நாங்கள் நூற்றுப் பத்துப் பேர்,
வாரத்துக்கு ஆறு நாள்.

சுல்மிரா எதுவும் பேசவில்லை.
தலை கிள்ளிய மத்திகளை
பளிங்கு மேசையில் வரிசையாக அடுக்கினாள்.
ஐம்பது.
"இது பிப்ரவரி.
நூற்றுக்கு இருபது என்றால் ஐந்தில் ஒன்று."
பத்து மீனை ஓரமாகத் தள்ளினாள்.
"மிச்சம் நாற்பது. இது மார்ச்.
இப்போது உயர்வு, அதே ஐந்தில் ஒன்று.
ஆனால் எதில்?
போன ஐம்பதிலா, இருக்கிற நாற்பதிலா?"

எங்கள் கைகள் உப்புநீரில் அப்படியே நின்றன.

நாற்பதில் ஐந்தில் ஒன்று எட்டு.
ஓரத்துப் பத்திலிருந்து
எட்டு மீன்கள் வரிசைக்குத் திரும்பின.
இரண்டு திரும்பவில்லை.
வெளியே கிடந்தன,
வாய் இல்லாததால் ஒன்றும் சொல்லாமல்.

இருபதும் இருபதும் ஒரே எண்தான்,
ஒரே அளவு இல்லை.
புயலில் சரிந்தது முழுச்சுவரின் ஐந்திலொன்று;
கட்டிக் கொடுத்தது
மிச்சச் சுவரின் ஐந்திலொன்று.
நாற்பது ஐம்பதாக வேண்டுமானால்
நாற்பதின் கால் பங்கு வேண்டும்,
நூற்றுக்கு இருபத்தைந்து.

அந்த இரண்டு மத்தியையும்
வல்தெமாரின் மேசையில் வைத்தோம்,
காகிதம் விரித்து, மரியாதையாக.
மறுநாளும் இரண்டு.
அதற்கு மறுநாளும்.
ஜூன் மாத வெயில். ஜன்னல் திறக்காத அறை.

ஐந்தாம் நாள் பலகையில்
இருபது அழிந்து இருபத்தைந்து இருந்தது.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
நிர்வாகத்தின் பெருந்தன்மை.
இடையில் போன ரொட்டிகளைப் பற்றி
பலகை எதுவும் சொல்லவில்லை.

"ஐந்து கூடுதலாகவே கொடுத்துவிட்டாரே,
புண்ணியவான்!" என்று
தெயொலிந்தா மீண்டும் சிலுவைக் குறி போட்டாள்.

சுல்மிரா அவளைப் பார்த்தாள்,
கூடையைப் பார்த்தாள்,
மறுபடி மத்தி அடுக்கத் தொடங்கினாள்.
முப்பத்தொன்றாவது மீனில்
ஆலை ஊதியது.