நியூட்ரல்

சௌரஸ்தா சந்தை மாடியில்
ஏழு வெள்ளிக்கு வாங்கினேன்.
எட்டு என்றார் கடைக்காரர்,
அட்டையே இல்லையே என்றதும் இறங்கினார்.

வீட்டு மின்கம்பி வேலை, மலாயில்.
முதல் பக்கத்தில் ஊய் என்ற ஒருவர்
1981 என்று போட்டுக் கையெழுத்திட்டு
கீழே இரட்டைக் கோடு இழுத்திருக்கிறார்.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் முடிந்து
கம்பெனி பஸ்ஸில் படிக்கிறேன்.
பாலத்தில் நெரிசல் என்றால் இரண்டு பக்கம்,
மழையும் சேர்ந்தால் ஒரு பாடம்.
எண்பத்து நான்காம் பக்கத்தில்
மாடிப்படி விளக்கின் படத்தைப்
பூச்சி தின்றிருக்கிறது,
சரியாகக் கம்பிகள் சேருமிடத்தில்.

பூச்சி தின்றதைக் கைப்பேசியில் தேடினேன்.
எந்த ஊரோ, நகம் வெட்டாத ஒரு கை
பன்னிரண்டு நிமிடத்தில் பூட்டிக் காட்டியது.
நடுவில் ஒரு ஷாம்பூ வந்து போனது.
பின்னுக்கு இழுத்தேன், மறுபடி, ஒன்பது தடவை.
அந்தக் கை சலிக்கவே இல்லை.
ஓட்டைக்குப் பின்னால் தாள் ஒட்டி
பேனாவால் வரைந்து மூடினேன்.

ஆனால் புத்தகத்தில் நியூட்ரல் கறுப்பு.
அந்தக் கைக்கு நியூட்ரல் நீலம்.
இங்கே நீலத்தைத் தொட்டால் சாவு,
அங்கே கறுப்பைத் தொட்டால் சாவு.
இரண்டு பேரும் அடித்துத்தான் பேசுகிறார்கள்.
என் விரல்களை இருவருக்கும் தெரியாது.

ஊய் மட்டும் ஓரத்தில் பென்சிலால்
"சிலாப். இங்கே அடி வாங்கினேன்" என்கிறார்.
எழுத்து கோணிக்கொண்டு போகிறது.
வாங்கிய அன்றே எழுதியிருப்பார்.

போன ஞாயிறு சூலியா தெருவில்
நோர்லீலாவின் மாமியார் கடைவீடு.
சுவிட்சைக் கழற்றினால் உள்ளே மூன்று கம்பி.
சுண்ணாம்பும் கரியும் ஏறி
மூன்றும் ஊறுகாய் ஜாடியின் அடி நிறம்.
புத்தகம் பையில்.
கைப்பேசியில் இரண்டு சதவீதம்.

மெயினை இறக்கச் சொன்னேன்.
"சுடா, சுடா" என்றது மாடியிலிருந்து ஒரு குரல்.
மலாயில் அது, ஆயிற்று.
தமிழில், சுடாது.
இரண்டு மொழியிலும் நல்ல வார்த்தைதான்.

டெஸ்டரை எடுத்து வைத்தேன்.
முதல் கம்பி பேசவில்லை.
இரண்டாவதும்.
மூன்றாவதில் கைப்பிடிக்குள்
எலுமிச்சை விதை அளவு
சிவந்த வெளிச்சம்.

திங்கள் காலை, பாலத்தில், மழையில்,
ஊய்க்குக் கீழே எழுதினேன்:
பழைய கடைவீட்டில் மெயின் இரண்டு இருக்கும்.
தவமலர், பிறை.
பென்சிலால்தான்.